தவறிப்போன பஸ்

கிணறு வெட்டும்போது பாறை சரிந்து செல்லமுத்துவின் இடது கால் முறிந்தது எழுபத்தெட்டாம் வருஷம். அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. எலும்பு கூடிவிட்டது, நடக்கும்போது கால் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து அவர் மனைவி அம்சவள்ளி அவரை எதையும் தொட விடவில்லை. வெந்நீர் விளாவி வைப்பது முதல் காட்டில் என்ன விதைப்பது என்பது வரை எல்லாம் அவள்தான்.

இரண்டு வருஷத்தில் செல்லமுத்துவுக்கு நோய் கூடிக்கொண்டே போனது. தலை கிறுகிறுக்கிறது என்பார், நெஞ்சு படபடக்கிறது என்பார். மாதம் ஒருமுறை வேப்பந்தட்டையிலிருந்து பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவாள். உடம்பில் குறையொன்றும் இல்லை என்றே டாக்டர் சொல்லி அனுப்புவார்.

ஒரு புரட்டாசியில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, இடம் பிடிக்க அவள் முந்தி ஏறினாள். அவர் பின்வாசலில் ஏறியிருப்பார் என்று நினைத்தாள். பஸ் டவுனைத் தாண்டிய பிறகுதான் அவர் இல்லை என்று தெரிந்தது. இறங்கித் திரும்ப ஓடினாள். பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தேடியும் காணோம். அழுதுகொண்டே ஊர் வந்து சேர்ந்தாள்.

வீட்டு வாசலில் சாக்கை விரித்து, விதை வெங்காயத்தில் அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார் செல்லமுத்து. பஸ்ஸை விட்டதும் கடைத்தெருவுக்குப் போய் விதை பார்த்து வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டதாகச் சொன்னார்.

"கடைத்தெரு வரைக்கும் நடந்தா போனீங்க? கால் வலிக்கலியா?"

"வலிக்குது. ஆனா ஒடம்பு நல்லாருக்கு புள்ள."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டு எத்தனை நாளாயிற்று. அம்சவள்ளி அப்படியே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாந்தான் ஒங்கள நோயாளியா ஆக்கிப்புட்டேனா?"

"நீ இல்லன்னா நான் எந்திரிச்சே இருக்க மாட்டேன்," என்றார் அவர். "இனிமே கொஞ்சம் எங்கிட்டயும் வுடு."

மறுநாள் அவர் கிணற்றில் தண்ணீர் சேந்தப் போனபோது அவளுக்குக் கை பரபரத்தது. முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிறுகிறுப்பு எப்போது போனது என்று இருவருக்குமே தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போவது நின்றது. கால் மட்டும் பழையபடி இழுத்தது.

காட்டில் நட்டிருந்த வெங்காயம் ஐப்பசி மழையில் பாதிக்குமேல் அழுகிப்போனது. மறுபடி படுத்துவிடுவாரோ என்று அவள் பயந்தாள். அவர் நனைந்தபடி காட்டிலிருந்து வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்த எடத்துல கொத்தமல்லி தூவலாமான்னு பாக்குறேன். நீ என்ன சொல்ற?"

அவளுக்கு உளுந்துதான் சரியென்று பட்டது. சொன்னாள். பேசி முடிப்பதற்குள் சோறு ஆறிப்போயிருந்தது.