பதினேழாவது ஸ்லைடு

கணினி படிக்கிற பிள்ளைகளுக்குத் தொழில் தொடங்கக் கற்றுக்கொடுப்பது என் வேலை. பாடத்தின் பெயர் ‘தொழில்முனைவும் புத்தாக்கமும்’. கேட்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டுக்குக் கட்டாயப் பாடம். இதில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது. வந்து உட்காரும் அறுபது பேருக்கும் கோடிங் தண்ணீர் பட்ட பாடு. நாலு மனிதர்களிடம் போய்ப் பேசு என்றால் மட்டும் மூஞ்சி தொங்கிப்போகும். யாருக்கு என்ன கஷ்டம் என்று கேட்காமலே ஒரு ஆப்பைச் செய்துவிட்டு, பிறகு அதைத் தலையில் கட்ட ஆள் தேடுவார்கள்.

அதனால் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். பத்துப் பேரைப் பேட்டி எடுக்காமல் யாரும் ஒரு வரி எழுதக்கூடாது. ஒரு கேள்வி கேட்டால், மனசுக்குள் பத்து எண்ணி முடிக்கும்வரை வாயைத் திறக்கக்கூடாது. எதிரே இருப்பவர் உண்மையைச் சொல்வது ஏழு, எட்டில்தான். இதனால் எனக்குப் ‘பத்து மேடம்’ என்று பெயர். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான்காம் வாரம் வகுப்பு களைகட்டும். அன்றைக்குத்தான் பதினேழாவது ஸ்லைடு, என் சொந்தத் தோல்விக் கதை. எட்டு வருடத்துக்கு முன் இருந்த வேலையை விட்டுவிட்டுச் சலவைக் கடைகளுக்காக ஒரு ஆப் செய்தேன். துணி தயாரானதும் கடைக்காரர் போனில் ஒரு பட்டனைத் தொட்டால் போதும், துணி கொடுத்தவருக்குச் செய்தி போய்விடும். பதினோரு கடைகளில் கொடுத்தேன். இரண்டே மாதத்தில் ஊத்தி மூடினேன். ஏன் மூடினேன் என்பதை நடித்துக் காட்டுவேன். ஒரு சலவைக் கடைக்கார அக்காவாக மாறி, கண்ணை உருட்டி, ஒற்றை விரலை நீட்டி, கொசுவை நசுக்குவது போலப் போனைக் குத்துவேன். பதினோரு தடவை. பிறகு போனைத் தள்ளி வைத்துவிட்டு இழுத்து இழுத்துச் சொல்வேன்: “உங்க மெஷினுக்கு என்னைப் பிடிக்கலை மேடம்.”

வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். சிரிப்பு அடங்கும் நேரம் பார்த்து ஸ்லைடைப் போடுவேன். படத்தில் ஒரு கை, ஒரு போன். முகத்தை வெட்டிவிட்டேன், நாகரிகம் தெரிந்தவள் அல்லவா! மேலே தடித்த எழுத்தில், ‘மாற்றத்துக்குப் பயப்படும் வாடிக்கையாளர்.’ ஏழு வருடமாக இதே நடிப்பு, இதே கைதட்டல்.

இந்த வருடம் அந்த வகுப்புக்குப் பிறகு ஒரு பெண் வருவதை நிறுத்திவிட்டாள். நன்றாகப் படிக்கிறவள், படிப்பு முடிந்ததும் சேரச் சொல்லி ஒரு நிறுவனம் வேலைகூடக் கொடுத்திருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆள் அனுப்பி வரச் சொன்னேன்.

“மூணு வாரமா எங்க போன? உன் குழுவுல மத்த மூணு பேரும் முழி பிதுங்கி நிக்கிறாங்க. விளையாட்டா இருக்கா உனக்கு?”

அவள் ஒரு தாளை என் மேஜையில் வைத்தாள். பாடத்திலிருந்து விலகும் படிவம்.

“கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க மேடம்.”

“இப்ப விட்டா ஒரு வருஷம் போச்சு. கையில இருக்கிற வேலையும் போச்சு. தெரியும்ல?”

“தெரியும்.”

காரணம் என்ற இடத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதியிருந்தாள். “அது என்னம்மா அப்படிச் சொந்தக் காரணம்?” என்று கேட்டேன். மேலே நாலு வார்த்தை திட்ட வாய் வந்துவிட்டது. பழக்கதோஷம், எண்ண ஆரம்பித்தேன். அவள் படிவத்தின் ஓரத்தை மடித்தாள், நிமிர்த்தினாள். எட்டில் வாயைத் திறந்தாள்.

“அந்தப் படத்துல இருக்கிறது எங்கம்மா கை.”

என் முகத்தில் ஈயாடவில்லை.

“மணிக்கட்டுல இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு இருக்கே, அது எங்கம்மாவோடது. அவங்களுக்குப் பயமெல்லாம் இல்ல மேடம். சூடும் சோப்பும் பட்டுப் பட்டு விரல் நுனி காய்ஞ்சு கெட்டியாயிடுச்சு. தொட்டா போன் எடுக்காது. விரலை மடக்கி முட்டியால தொட்டா எடுக்கும். வீட்ல அப்படித்தான் பண்றாங்க.”

நான் படித்ததும் கணினிதான். தொடுதிரை தோல் மின்சாரம் கடத்துவதை வைத்துத்தான் விரலை உணர்கிறது, காய்ந்து தடித்த தோல் அதற்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாதா? ஒருமுறை தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டிருக்கிறேன். அது தேர்வுத் தாளோடு நின்றுவிட்டது.

“மன்னிச்சிடும்மா,” என்றேன்.

“நான் விலகுறது அதுக்காக மட்டும் இல்ல மேடம்.” அவள் படிவத்தைப் பார்த்தபடியே சொன்னாள். “படம் வர்றதுக்கு முன்னாடி நீங்க நடிச்சுக் காட்டினீங்கள்ல... நானும் சிரிச்சேன். கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சேன். இப்ப அம்மா போனைக் கையில எடுத்தா என்னால அங்க உட்கார முடியலை. இந்த வகுப்புலயும் உட்கார முடியலை.”

நான் கூனிக் குறுகிப் போனேன். என் வெட்கம் எனக்கு வரவேண்டியதுதான். பெற்ற தாயைப் பார்த்து இந்தப் பெண் ஏன் வெட்கப்பட வேண்டும்? அதையும் நான்தானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு வாரம் பொறு என்று கெஞ்சினேன். சரி என்றாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

“அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ஊரே சிரிச்சுதுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாங்க.” சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

எட்டு வருடத்துக்கு முன் அந்த அக்காவை எடுத்த பேட்டியின் ஒலிப்பதிவு என்னிடம் இருந்தது. எல்லாவற்றையும் பதிவு செய்து வையுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் நான். ஆனால் இத்தனை வருடத்தில் ஒருநாளும் அதை நான் திரும்பக் கேட்டதில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். பன்னிரண்டு நிமிடம். அதில் பத்து நிமிடம் நானே பேசுகிறேன். அந்த அக்கா மூன்று தடவை, “என் விரலை எடுக்க மாட்டேங்குது மேடம்,” என்கிறார். மூன்று தடவையும் நான், “பயப்படாதீங்கக்கா, ஒண்ணும் ஆகாது,” என்கிறேன். மூன்றாவது தடவை சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த வகுப்பில் அந்தப் பதிவை ஓட்டினேன். அக்காவின் குரல் முழுவதையும் வெட்டிவிட்டு, என் குரலை மட்டும். முதலில் பிள்ளைகள் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தார்கள். மூன்றாவது நிமிடத்தில் நெளிந்தார்கள். முடிந்ததும் விரல் கதையைச் சொன்னேன், யார் விரல் என்று சொல்லாமல். சிரிக்கவேண்டியது என்னைப் பார்த்து என்று சொல்லி, பதினேழாவது ஸ்லைடை அவர்கள் கண்முன்னே அழித்தேன்.

முன்வரிசையில் ஒருவன் கையைத் தூக்கினான். “அப்ப மத்த பத்துக் கடையும் எதுக்கு மேடம் விட்டாங்க?”

“கேட்கலை,” என்றேன். அவன் கையை இறக்கிக்கொண்டான்.

அந்த வகுப்புக்கும் அந்தப் பெண் வரவில்லை. நான் அவள் அம்மாவின் கடைக்குப் போனேன். போய் என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. சொல்லக்கூடாது என்று வாக்கு வேறு. வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. பீரோவில் இருந்த நல்ல துணிகளைக் கசக்கி ஒரு பையில் திணித்துக்கொண்டேன். இந்த வயதில் இப்படி ஒரு பிழைப்பு!

கடை மாறவேயில்லை. அதே நீள மேஜை, அதே நீராவி வாசனை. அந்த அக்கா தேய்த்துக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து துணிகளுக்கு எண் சீட்டுக் குத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. அக்காவோ வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

“அட, ஆப் மேடம்! எத்தனை வருஷமாச்சு!”

“இவங்கதாம்மா எங்க மேடம்,” என்றாள் மகள், குனிந்தபடியே.

“இவங்களா? சொல்லவே இல்லையேடி! நல்லாப் படிக்கிறாளா மேடம்?”

“ரொம்ப நல்லாப் படிக்கிறாக்கா,” என்றேன். பையை நீட்டினேன். அக்கா ஒரு சட்டையை எடுத்து விரித்தார், புருவம் சுருங்கியது.

“இது தேய்ச்ச துணியாச்சே? பழைய மடிப்பு அப்படியே தெரியுதே.”

வசமாக மாட்டிக்கொண்டு திருதிருவென்று விழித்தேன். “பையில கசங்கிடுச்சுக்கா,” என்று உளறினேன். அந்த நேரம் பார்த்து மேஜையில் இருந்த போன் அடித்தது. அக்கா ஆள்காட்டி விரலை மடக்கி, முட்டியால் ஒரு இழுப்பு இழுத்துப் பேசினார். வைத்துவிட்டு என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

“பார்த்தீங்களா? இப்ப பழகிட்டேன். அன்னைக்கே இந்த வித்தை தெரிஞ்சிருந்தா உங்களுக்கு உதவியா இருந்திருக்கும். பாவம், எவ்வளவு நேரம் பொறுமையாச் சொல்லிக் குடுத்தீங்க. ஆமா, அந்த ஆப் நல்லாப் போகுதா?”

“மூடிட்டேன்கா.”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டார்.

“அய்யய்யோ! என்னாலயா மேடம்?”

ஏழு வருடமாக, வருடத்துக்கு அறுபது பேர் முன்னால், ஆமாம் உங்களால்தான் என்று ஆடிப்பாடிச் சொல்லி வந்திருக்கிறேன். மகளின் கை நின்றுவிட்டது. முதல் தடவையாக நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். எண்ணுகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

“இல்லக்கா. என்னாலதான்,” என்றேன். “விரலை எடுக்கலைன்னு நீங்க மூணு தடவை சொன்னீங்க. நான்தான் காதுலயே வாங்கலை. தப்பு முழுக்க என்னோடது. என்னை மன்னிச்சிடுங்க.”

“அட போங்க மேடம், எட்டு வருஷத்துக் கதைக்குப் போய்க் கண்ணைக் கசக்கிக்கிட்டு!” அக்கா மறுபடியும் பெட்டியைக் கையில் எடுத்தார். “துணியை வியாழக்கிழமை வந்து வாங்கிக்கோங்க.”

“அவங்க வர வேணாம்மா,” என்றாள் மகள், என் சட்டைக்குச் சீட்டுக் குத்திக்கொண்டே. “வியாழக்கிழமை எனக்கு அவங்க கிளாஸ்தான். நானே கொண்டு போய்க் குடுத்திடறேன்.”

படிவம் என் கைப்பையில் மடித்தபடி இருந்தது. தலையை ஆட்டினேன். அந்த அக்காவின் கையை ஏறெடுத்துப் பார்க்க அப்போதும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. படியிறங்கினேன்.