அறையில் பரிமளா இருந்தபோது

கனகாவுக்குச் சர்க்கரை வந்து நாலு வருடம் ஆகிறது. மாத்திரை போட்டும் இறங்கவில்லை. உத்திரமேரூர் முகாமில் அவளைப் பார்த்த டாக்டர், காஞ்சிபுரம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் புது மருந்துக்கு ஆராய்ச்சி நடக்கிறது, இன்சுலின் போடாதவர்களாகத் தேடுகிறார்கள், போய்க் கேட்டுப் பாருங்கள் என்றார். தனியாகப் போகாதே என்று நாத்தனார் பரிமளாவும் கிளம்பிவிட்டாள். கனகாவின் புருஷன் இறந்த பிறகு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் கூட நின்றவள் அவள்தான். மகள் கல்யாணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடத்தியவள். அவளை வரவேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

ஆட்டோ ஓட்டியது கன்னியப்பன். அதே ஊர்க்காரன், மனைவியை இழந்தவன். அவனுக்கும் கனகாவுக்கும் இரண்டு வருடமாக உறவு இருப்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

ஆராய்ச்சிப் பிரிவில் ஜெனிஃபர் என்ற நர்ஸ் நிதானமாக விளக்கினாள். "கேட்டு வர்ற எல்லாரையும் சேத்துக்க முடியாதும்மா. மூணு மாசச் சர்க்கரை ரொம்பக் கம்மியா இருந்தாலும் எடுக்க மாட்டோம், ரொம்ப ஏறியிருந்தாலும் எடுக்க மாட்டோம். கிட்னி நல்லா இருக்கணும். பிடிக்கலன்னா எப்ப வேணாலும் நீங்க விலகிக்கலாம்." பிறகு பரிமளாவைப் பார்த்தாள். "சில கேள்விங்க தனியாக் கேக்கணும். கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

"தனியா இன்னா கீது? எனக்குத் தெரியாதது இவகிட்ட ஒண்ணும் கெடையாது. நீ கேளும்மா," என்று பரிமளா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

ஜெனிஃபர் கனகாவின் முகத்தைப் பார்த்தாள். இருக்கட்டும் என்று கனகா தலையாட்டினாள்.

"மாசாமாசம் வருதா?"

"வருதுங்க. முன்னபின்ன ஆவுது."

"கர்ப்பம் ஆகாம ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களா?"

"இல்லீங்க. ஒரே பொண்ணோட நின்னுபோச்சி."

"வயித்துல இருக்கற குழந்தைய இந்த மருந்து என்ன பண்ணும்னு இன்னும் தெரியாது. அதனால கர்ப்பமா இருக்கறவங்கள எடுக்கறதில்ல. உறவு இருந்தா, கருத்தடை கட்டாயம்."

பரிமளா சிரித்துவிட்டாள். "புருசன் போயி ஏழு வருசமாவுது. இவளப் போயி இன்னா கேள்வி கேக்கற நீ. என் தம்பி போட்டோவுக்குப் பூ வைக்காம ஒரு வாய் காபி குடிக்க மாட்டா."

"நீங்க சொல்லுங்க கனகா."

"எனக்கு யாரும் இல்லீங்க."

சொல்லிவிட்டுத் திரும்பினால் வாசலில் கன்னியப்பன். ஆட்டோவில் மறந்து வைத்த பழைய மருந்துச்சீட்டைக் கொண்டுவந்திருந்தான். பரிமளாவிடம் நீட்டினான், போய்விட்டான். திரும்பும் வழியெல்லாம் பரிமளாதான் பேசிக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அவன் போன் செய்யவில்லை. கனகாவும் செய்யவில்லை. என்ன முகத்தோடு செய்வாள்? வயலில் களை பறிக்கும்போதும் அந்த மூன்று வார்த்தை காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் டெங்குவில் கிடந்தபோது இரவெல்லாம் ஆட்டோவை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி அதிலேயே தூங்கியவன் அவன்.

அன்று எடுத்த ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது, மருந்து தொடங்கலாம் என்று ஜெனிஃபர் போனில் கூப்பிட்டாள். பரிமளாவிடம் சொல்லாமல் கனகா பஸ் ஏறினாள்.

"அன்னிக்கி நான் பொய் சொல்லிட்டேங்க," என்றாள், மேசையைப் பார்த்தபடி. "ஒருத்தர் கீறாரு."

ஜெனிஃபர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். "தப்பு என்னோடதும்மா. அவங்கள வெளிய அனுப்பிட்டுத்தான் கேட்டிருக்கணும்," என்றாள். "இதுக்காக உங்களத் தள்ள மாட்டாங்க. லேடி டாக்டர் பாத்துக் கருத்தடைக்கு வழி சொல்லுவாங்க. மறுபடி டெஸ்ட் எடுத்துட்டு, பெரிய டாக்டர் சரின்னா சேத்துக்கலாம்."

"அவரு பேரு சொல்லணுங்களா?"

"அதெல்லாம் வேணாம்."

"கன்னியப்பன்," என்றாள் கனகா. கேட்காமலே வாயில் வந்துவிட்டது. முகமெல்லாம் எரிந்தது. ஜெனிஃபர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

வெளியே வந்து அவனுக்குப் போன் செய்தாள். வந்தான். ஆட்டோவில் ஏறியதும், "நர்சம்மாகிட்ட நெஜத்தச் சொல்லிட்டேன். உன் பேரயும் சொல்லிட்டேன்," என்றாள்.

அவன் வண்டியைக் கிளப்பவில்லை. "அவங்களுக்கு நான் யாரோ, நீ யாரோ. நம்மளத் தெரிஞ்சவங்க முன்னாலதானே யாரும் இல்லன்னு சொன்னே."

"அண்ணிகிட்டயும் சொல்றேன்யா."

"எப்போ?"

அவள் ரோட்டைப் பார்த்தாள். அவன் வண்டியைக் கிளப்பினான். ஊருக்கு முன்னாலேயே ஏரிக்கரைத் திருப்பத்தில் வண்டியை நிறுத்தினான். அவள் இறங்கி நடந்தாள்.

ஒரு மாதம் கழித்து அவளை ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார்கள். பரிமளா அன்றும் கூட வந்தாள். முழங்கால் வலியோடு, வழியில் சாப்பிட எலுமிச்சம்பழச் சோறு கட்டிக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை ஜெனிஃபர் விடவில்லை. வெளியே உட்காரச் சொல்லிவிட்டாள். கனகா உள்ளே போய் முதல் வேளை மருந்தை விழுங்கிவிட்டு வந்தபோது, பெஞ்சில் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள் பரிமளா.

"இவ்ளோ நேரம் உள்ள இன்னா கேட்டுக்கினு இருந்தாங்க?"

கன்னியப்பன் கொஞ்ச தூரத்தில் ஆட்டோவில் சாய்ந்து நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாரையும் கேக்கறதுதான் அண்ணி," என்றாள் கனகா. பரிமளா நீட்டிய சோற்றைக் கையில் வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தையும் பார்க்க முடியவில்லை, அவன் முகத்தையும் பார்க்க முடியவில்லை.