தளபதியைப் பார்க்கப் போகாதவர்

1

இந்தக் கதை என் அக்காவின் ஒரு போன் அழைப்பிலிருந்து வந்தது. "உன் மாமா காலையிலேருந்து ஊர் சுத்திட்டு இருக்காரு. வந்து என்னன்னு கேளு" என்றாள். அவள் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். பின்னால் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்ததால் மேற்கொண்டு எதுவும் கேட்க முடியவில்லை. தனியாக வெளியே போகக் கூடாதவர் போய்விட்டாரே என்று பதறி ஓடினேன். மாமா வீட்டில்தான் இருந்தார். சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து, டிவிக்குள் இருந்த ஒரு பெரிய நகரத்தில் நடந்துகொண்டிருந்தார்.*

முதலில் கதையை இப்படித்தான் ஆரம்பித்தேன்: "ஏழு மதில்கள் சூழ்ந்த அந்த மாநகரின் மேல் பொன்னிற வெயில்..."

வேண்டாம். திரையில் வெயில் பொன்னிறமாகத்தான் இருந்தது. ஆனால் அறையில் ஜன்னலை மூடியிருந்தார்கள். அழுக்குத் துணி நாற்காலியில் குவிந்து கிடந்தது. அங்கிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

(* பூதங்களும் மந்திரவாதிகளும் உள்ள கற்பனை உலகத்தில் நாமே ஒரு வீரனாகி உலவும் வீடியோ கேம். அக்காவின் மொழியில்: "உன் மாமாவோட இன்னொரு வீடு.")

2

மாமா பஸ் டிரைவர். (டிரைவராக இருந்தவர் என்று எழுதிவிட்டு அடித்தேன். அப்படிச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.) போன வருடம் பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு வலிப்பு வந்தது. வாழ்நாளில் முதல் முறை. வண்டி நின்றிருந்தது, பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. லைசென்ஸ் போய்விட்டது. "கொஞ்சம் கழிச்சு வந்திருந்தா..." என்று சில நேரம் தொடங்குவார். முடித்ததில்லை. அந்த வாக்கியத்தை நானும் முடிக்கப்போவதில்லை.

டிப்போவில் வேறு வேலை தருவதாகச் சொன்னார்கள். பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் செய்யும் வேலை. யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்தவர், மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது விட்டுப்போன கேமை எடுத்துப் போட்டார். யோசனை அப்படியே நின்றுவிட்டது.

அக்கா டாக்டரிடம் கேட்டாள். பளிச்சுப் பளிச்சென்று வெட்டும் வெளிச்சம் ஆகாது, மற்றபடி பரவாயில்லை என்றார். அந்த கேமில் வாளை உருவினாலே மின்னல் வெட்டும். அதனால் மாமா வாளை உருவவில்லை. பூதங்களோடு சண்டை போட வேண்டிய மாவீரன், கையை வீசிக்கொண்டு தெருத் தெருவாக நடந்தான்.

3

(இந்தப் பகுதியில் நகரத்தை வர்ணிக்க வேண்டும். எழுதிப் பார்த்ததெல்லாம் சுற்றுலா விளம்பரம் மாதிரி வந்தது. மாமா சொன்னதையே போடுகிறேன்.)

"இது மீன் சந்தை, மாப்ள. இங்கேருந்து மேல்கோட்டைக்கு ரெண்டு வழி. பெரிய வீதி எல்லாருக்கும் தெரியும். சாயப்பட்டறைத் தெருன்னு இன்னொண்ணு இருக்கு, சுவரெல்லாம் நீலமா இருக்கும். அதுல போனா கூட்டமே கிடையாது."

"இந்த வளைவுல பஸ் திரும்புமா மாமா?"

"ரிவர்ஸ் எடுத்தா திரும்பும்" என்றார், சிரிக்காமல்.

எந்த முனையில் நின்றாலும் ஒரு காவலாளி ஓடிவந்து ஒரே வாக்கியத்தைச் சொன்னான். அவன் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்: "தளபதி உங்களுக்காகக் காத்திருக்கிறார்."

"தெரியும். அந்தாளைப் போய்ப் பாத்தா போர் ஆரம்பிச்சிடும். ஊரே எரிஞ்சிடும். பொண்ணு போன்ல சொன்னா."

"பாக்கலைன்னா?"

"இப்படியே இருக்கும்."

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். அக்காவை எப்படி எழுதுவது? முதல் பிரதியில் அவள் கோபமாக வந்து ரிமோட்டைப் பிடுங்கி டிவியை அணைத்தாள். அதை அவளிடம் படித்துக் காட்டினேன்.

"நான் எங்கடா பிடுங்கினேன்? கால் வலிச்சுது, உக்காந்தேன். அதை எழுது."

எழுதுகிறேன். வேலை முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாள் முழுக்க நீராவியில் கிடந்த விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. திரையில் மீன் சந்தை. கூடையோடு ஒருத்தி படியேறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள்.

"இவ எங்க போறா?" என்றாள் அக்கா.

"எங்கயும் போகல. அவளுக்கு அவ்வளவுதான் வேலை."

மகள் போனில் சொன்னது அக்காவுக்கும் தெரியும். "நீங்க அந்தத் தளபதியைப் பாக்கற வரைக்கும் இப்படியே ஏறி இறங்கிட்டு இருப்பாளா?"

"ஆமா."

அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம்ங்க. அவளுக்கும் கால் வலிக்கும்" என்றாள்.

அவள் அப்படியே அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். கை மரத்துப்போன பிறகும் அவர் அசையவில்லை.

5

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னைக் கூப்பிட்டார். கேம் ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"நீ போய் அந்தாளைப் பாரு, மாப்ள. வெளிச்சம் வெட்டும், என்னால பாக்க முடியாது. வழி நான் சொல்றேன்."

(இந்த மாதிரி விளையாட்டுக்கு நான் லாயக்கில்லாதவன். என் வீரன் தளபதி வீட்டு வாசலில் பூந்தொட்டியோடு மல்லுக்கட்டியதை இங்கே விவரிக்கவில்லை.)

தளபதி சொன்னது இதுதான்: மதில் தாங்காது, முடிந்தவரை ஆட்களைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போ. அவர் பேசி முடிப்பதற்குள் திரை வெளுத்தது, கறுத்தது, மறுபடி வெளுத்தது. அந்த வெளிச்சம் எதிர்ச் சுவரிலும் தெறித்தது. சோபாவில் இருந்த அக்கா எழுந்து மாமாவுக்குப் பின்னால் மறைப்பாக நின்றுகொண்டாள்.

"கண்ணை மூடிக்கங்க."

மூடிக்கொண்டார். "எங்க நிக்கற, மாப்ள?"

"மணிக்கூண்டு பக்கத்துல. ஒரே புகை. பின்னாடி நிறைய பேரு வர்றாங்க."

"பெரிய வீதிக்குப் போகாத. இடது பக்கம் இறங்கு. நீலச் சுவர் வருதா?"

"வருது."

"அதுலயே போ. ஓடாத, பின்னாடி வர்றவங்க தவறிடுவாங்க. நின்னு நின்னு போ."

அவர் குரல் மாறியிருந்தது. நெரிசலில் பழகிய, அவசரமில்லாத குரல். கூடைக்காரியும் என் பின்னால் வந்தாள், கையில் கூடை இல்லை. தெருக்கோடியில் ஒரு வீடு சரிந்து கிடந்தது.

"மாமா, வழி அடைச்சிருக்கு."

"இருக்காதே. நேத்துகூட அதுலதான் வந்தேன்."

"இடிஞ்சிடுச்சு மாமா."

மூடிய கண்ணுக்குள் நகரம் முழுவதையும் தேடிக்கொண்டிருந்தார் என்று எழுதலாம். நான் பார்த்தது அவருடைய வலது காலை மட்டும்தான். அது தரையில் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது.

"எல்லாரையும் திருப்பு" என்றார் கடைசியில். "மீன் சந்தைக்குப் பின்னாடி சாக்கடை ஓரமா படி இறங்கும். அதுல விடு."

துறைமுகம் வந்தது. வந்தவர்கள் படகில் ஏறினார்கள். கூடைக்காரி ஏறினாள். நீலத் தெருவிலேயே நின்றுபோனவர்களும் இருந்தார்கள். அதை நான் அவரிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

6

முடிவு.

எழுதிப் பார்த்த ஒரு முடிவில், மாமா மறுநாளே வேலைக்குப் போகிறார். பஸ் நிலையம் முழுக்க அவர் குரல் கேட்கிறது. அக்கா படித்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்குடா. அதனாலதான் நம்ப முடியல" என்றாள். இன்னொன்றில், அவர் கேமை முதலிலிருந்து போடுகிறார். நகரம் முழுசாக நிற்கிறது. மாமா அதைப் படித்துவிட்டு, "அப்படியும் தோணுச்சு" என்றார்.

நடந்தது எனக்குத் தெரியும். திங்கட்கிழமை காலை டிப்போவுக்கு போன் செய்தார். ஒப்புக்கொண்டாரா, வேண்டாம் என்றாரா என்பதை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"கதைன்னா ஒரு முடிவு வேணுமே மாமா. படிக்கறவங்க கேப்பாங்க."

"இத்தனை வருஷம் நான் எல்லாரையும் கொண்டுபோய் விட்டேன். ஒரு தடவை அவங்க என்னைக் கொண்டுபோய் விடட்டுமே."

ஆகவே உங்களிடம் ஒப்படைக்கிறேன். ஏறி உட்கார்ந்துவிட்டார். பார்த்துக் கூட்டிப்போங்கள், ரொம்பக் களைத்திருக்கிறார்.