கல்யாண மண்டபத்தில் நின்ற தம்பி

குமாசி நகரில், பந்தலின் ஓரத்தில், கறுப்புத் துணி உடுத்து மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள் செர்வா. நாலைந்து நாளாகச் சரியான தூக்கமில்லை. முரசுச் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. எதிரே சவப்பெட்டியில், சரிகை விரிப்பின் மேல், அம்மா அயர்ந்து தூங்குகிறவளைப்போலப் படுத்திருந்தாள்.

ஊரிலுள்ள பத்துப் பன்னிரண்டு இணையதளங்களுக்குச் செர்வாவின் ஒரே சர்வர்தான் வாசல். அங்கே ஒரு காவலாளியைப்போல ஒரு மென்பொருள். வருகிறவர் சொல்லும் தளத்தின் பெயரைக் கேட்டு, உரிய அறைக்கு அனுப்பிவைக்கும். அம்மாவின் இறுதிச் சடங்கைக் கேமரா வைத்து நேரலையில் காட்டவும் நேற்று ஓர் அறை திறந்திருந்தாள். டொரொன்டோவில் விசா கிடைக்காமல் மாட்டிக்கொண்ட தம்பி ஒபெங், அம்மா முகத்தைக் கடைசியாகப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

போன் அடித்தது. ஒபெங்தான்.

"அக்கா, வெளையாடுறியா? இங்க எவளோ ஒரு கல்யாணப்பொண்ணு ஆடிக்கிட்டிருக்கா!"

செர்வா காவலாளிக்கு எழுதிவைத்த உத்தரவுகளைத் திறந்து பார்த்தாள். ஒரு கல்யாண மண்டபத்தின் தளத்துக்கு எழுதியிருந்ததை அப்படியே நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருந்தாள். உள்ளே அறை எண்ணை மாற்றவில்லை. அம்மாவைத் தேடி வந்தவர்களையெல்லாம் காவலாளி மண்டபத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தான். அவனைச் சொல்லி என்ன பயன்? எழுதியவள் இவள்.

டொன்கோர் மாமா சவப்பெட்டியின் மூடியைத் தொட்டார். "நேரமாச்சும்மா. பாதிரியார் காத்துக்கிட்டிருக்காரு."

"மாமா, கொஞ்சம் இருங்க. ஒபெங் இன்னும் வரல."

"அவன் எங்கடி வரப்போறான்?"

"வாசல் வரைக்கும் வந்துட்டான் மாமா. நாந்தான் வேற ரூம்ல விட்டுட்டேன்."

மாமா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் மூடியிலிருந்து கையை எடுத்தார்.

செர்வா எண்ணைத் திருத்தினாள். கண் சொக்கியது. நீண்ட நடைகூடம் ஒன்றில், வரிசையான கதவுகளுக்கு நடுவே, பள்ளிச் சீருடையில் ஒபெங் திகைத்து நிற்பது தெரிந்தது. தலையை உதறிக்கொண்டாள். காவலாளிக்குப் புது உத்தரவைக் கொடுத்துவிட்டு, போனைக் காதில் வைத்தாள்.

"டேய், அந்தப் பக்கத்த மூடிட்டுத் திரும்பத் தொறடா."

மறுமுனையில் விசைகள் தட்டும் ஓசை கேட்டது.

"தெரியுதாடா?"

"தெரியுது." அவன் குரல் உடைந்தது. "அம்மா இவ்ளோ எளச்சுட்டாளாக்கா? நல்லாருக்கா, நல்லாருக்கான்னே சொன்னியே."

செர்வா எழுந்துபோய், கேமராவை அம்மா முகத்துக்கு இன்னும் அருகில் நகர்த்திவைத்தாள்.