பெல்ட்காரர் செய்த நடை மெஷின்

நாயின் தொடை எலும்பை உடைத்தது பெல்ட்காரர் தன் கையால் செய்த கேட். வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. மனைவி சொல்லவில்லை, வெளியூரில் இருக்கும் மகளும் சொல்லவில்லை. ஒருநாள் காலை இரும்புக் கேட்டின் மேல் கீல் அறுந்து கேட் அப்படியே சாய்ந்தது. அடியில் வெயில் காய்ந்துகொண்டு படுத்திருந்தது வாத்தியார்.

வாத்தியார் என்பது நாய்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் பாடம் எழுதாமல் வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்க்கும். அதனால் மகள் வைத்த பெயர். முப்பத்தைந்து கிலோ இருந்த உடம்பு ஆபரேஷன் முடிந்து வரும்போது இருபத்தொன்பதாகிவிட்டது. எலும்பில் தகடு வைத்து, திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள்.

நாய் டாக்டர் சின்ன வயசுப் பெண். சுற்றி வளைத்துப் பேசாதவள் என்பதால் பெல்ட்காரருக்கு அவளைக் கொஞ்சம் பிடித்திருந்தது.

"எலும்பு கூடிடுச்சு தாத்தா. ஆனா அந்தக் கால் தரையில படவே மாட்டேங்குது பாருங்க. மூணு கால்ல ஓடுறது அதுக்குச் சுலபமாப் போச்சு. இன்னும் ஒரு மாசத்துக்குள்ள நாலாவது கால ஊனப் பழக்கணும். இல்லன்னா தசை சுருங்கிப் போகும். அப்புறம் ஆயுசுக்கும் மூணு கால்தான்."

"ரோட்டுல நடத்திக் கூட்டிட்டுப் போறேன்."

"ரோட்டுல அது தத்தித் தத்தித்தான் போகும். டிரெட்மில்லுல மெதுவா, ஒரே சீரா ஓடவிட்டா, வேற வழியில்லாம நாலையும் வைக்கும். நாய்க்குன்னே விக்குது, கேட்டுப் பாருங்க."

அன்று சாயங்காலமே மகள் போனில் வந்துவிட்டாள். அம்மாவும் பொண்ணும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள் என்று பெல்ட்காரருக்குப் புரிந்தது. வீட்டில் அவருக்குத் தெரியாமல் நடப்பது நிறைய.

"அப்பா, நான் பார்த்து வச்சிருக்கேன். நாளைக்கே அனுப்பச் சொல்றேன்."

"பெட்டியில வர்ற சாமானுக்குள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா? விக்கிறவனுக்கே தெரியாது. முப்பத்துநாலு வருஷம் மில்லுல பெல்ட் ஓட்டியிருக்கேன். மூட்டைய ஓடவச்சவனுக்கு நாய ஓடவைக்கத் தெரியாதா?"

"மூட்டைக்கு வலிக்காதுப்பா."

அவர் போனை மனைவியிடம் நீட்டிவிட்டு எழுந்து போனார்.

அவர் வேலை பார்த்தது தானிய மில்லில். மூட்டைகள் ஏறிப் போகிற பெல்ட்டுகளை இழுத்து மாட்டுவது, கிழிந்தால் ஒட்டுவது, ரோலர் தேய்ந்தால் மாற்றுவது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. மற்றதெல்லாம் கையில் ஏறிய படிப்பு. கட்டில், அலமாரி, தண்ணீர்த் தொட்டி மூடி, கேட், எல்லாம் அவர் செய்ததுதான். கடைச் சரக்கு என்றாலே ஏமாற்றத்தான் செய்கிறார்கள் என்பது அவர் கட்சி. கேட் விழுந்த பிறகு அந்தக் கட்சியை அவர் இன்னும் சத்தமாகப் பேசினார். விட்டுக் கொடுத்தால் கேட்டைப் பற்றியும் பேச வேண்டிவரும்.

கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில் ஆறு நாள் வேலை நடந்தது. கதவைச் சாத்திக்கொண்டு செய்தார். திறந்து வைத்தால் எவனாவது வந்து யோசனை சொல்வான். பழைய இரும்புக் கடையில் இரண்டு ரோலர், பேரிங்கோடு கிடைத்தது. சட்டத்துக்கு இரும்புப் பட்டை. மில்லில் உடன் வேலை செய்தவன் ஒருவன் நல்ல பெல்ட் துண்டு கொடுத்தான். அடிப் பலகையைத் தேய்த்துத் தேய்த்து, உள்ளங்கையை ஓட்டினால் வழுக்குகிற அளவுக்குக் கொண்டுவந்தார். மோட்டார் வேகத்தைக் குறைத்து, குழந்தை தவழ்கிற வேகத்தில் நிறுத்தினார்.

இருபத்தொன்பது கிலோவுக்கு மணல் கட்டி மேலே வைத்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தார். பெல்ட் ஒரு பக்கமும் விலகவில்லை. பேரிங்கைச் சோதிக்க மில்காரர்களின் வழி ஒன்று உண்டு. திருப்புளியின் நுனியைப் பேரிங் கூட்டின்மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்தினால் உள்ளே நடப்பது கேட்கும். வைத்துப் பார்த்தார். அடியில் ஒரு மெல்லிய உறுமல், அவ்வளவுதான். சுத்தம்.

"இது மெஷின்," என்று சொல்லிக்கொண்டார். அவர் உதட்டில் பல நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்தது.

வாத்தியார் ஏறவில்லை.

முதல் நாள் வாசலிலேயே நின்றுவிட்டது. பிஸ்கட் காட்டினார். மெஷின் ஓடாதபோது வந்து மேலே நின்று தின்றது. சுவிட்சைப் போட்டதும் காதுகளைத் தலையோடு ஒட்டிக்கொண்டு, மூன்று காலில் தாவி வெளியே போய்விட்டது. இரண்டாம் நாள் அதே கதை. மூன்றாம் நாள் கொட்டகைப் பக்கமே வர மறுத்தது. நான்காம் நாள் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் கைக்குள் அது உதறுவதை நெஞ்சில் உணர்ந்தார். மேலே நிறுத்தி, கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார். நாய் இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது.

"வைடா காலை. உனக்காகத்தானேடா."

ஐந்தாம் நாள் அவர் பிடியை இறுக்கியபோது அது திரும்பி அவர் மணிக்கட்டைப் பல்லால் கவ்வியது. கடிக்கவில்லை, கவ்வி வைத்துக்கொண்டது. பல் எவ்வளவு கூர் என்று தெரிகிற அளவுக்கு மட்டும். அவர் முகத்தையே பார்த்தது. அவர் கையை விட்டார். அதுவும் விட்டது.

அங்கே கவிழ்த்து வைத்திருந்த பெயின்ட் டப்பாவின்மேல் உட்கார்ந்தார். தனக்கு விஷயம் விளங்கிவிட்டது என்று நினைத்தார். தன்மேல் சாய்ந்தது யார் செய்த இரும்பு என்று அதற்குத் தெரியும். இனி அவர் செய்த எதன்மேலும் அது கால் வைக்காது. அது வாய் பேசாத பிராணி, சொல்லிக் காட்டாது, மனிதருக்கும் அதற்கும் அவ்வளவுதான் வித்தியாசம். ஆயுசில் யாரையும் முழுசாக நம்பாத மனிதர், ஒரு நாய் தன்னை நம்பவில்லை என்று அன்றைக்கு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

சமையல்கட்டுக்கு வந்தபோது மனைவி டம்ளரில் டீயை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"உன் நாய்க்கு என்னைக் கண்டாலே ஆகல," என்றார்.

"ராத்திரி உங்க கட்டிலுக்குக் கீழதானே படுத்திருக்கு."

"அங்க படுக்கும். மெஷின்ல ஏறாது. நான் செஞ்சதாச்சே."

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். கேட் விழுந்த நாளிலிருந்து அவள் கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. இப்போது சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"போடுங்க பார்ப்போம்."

அவர் சுவிட்சைப் போட்டார். அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, நிறுத்துங்க. பல்லெல்லாம் கூசுது."

அவர் நிறுத்தினார். "என்ன ஆச்சு?"

"இந்தச் சத்தத்துல மனுஷனே நிக்க முடியாது. அது எப்படி ஏறும்?"

"என்ன சத்தம்?"

அவள் முதலில் அவர் விளையாடுகிறார் என்று நினைத்தாள். அவர் விளையாடுகிற ஆள் இல்லை என்பது நாற்பத்தோரு வருடமாகத் தெரியும் என்பதால், அடுத்த நிமிடமே அவள் முகம் மாறிப் போனது.

"விசில் மாதிரி. கண்ணாடியில ஆணிய வச்சு இழுக்குற மாதிரி. உங்களுக்குக் கேக்கலையா?"

"மோட்டார் சத்தம் கேக்குது. நீ பேசுறது கேக்குது."

"திரும்பப் போடுங்க."

போட்டார். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்து, பின்பக்க ரோலரின் வலது ஓரத்தைக் காட்டினாள். அவர் திருப்புளியை வைத்துப் பிடியைக் காதில் அழுத்தினார். அதே உறுமல். இன்னும் அழுத்தினார். இடது காதுக்கு மாற்றினார். அவள் கை அந்த இடத்தையே காட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

மில்லில் வருடம் ஒருமுறை காது பார்க்க ஆள் வருவான். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கு என்பான். பொத்தானை அழுத்தும்போது அவன் தோள் லேசாக ஏறி இறங்கும். பெல்ட் பிரிவில் எல்லோரும் அந்தத் தோளைப் பார்த்துத்தான் விரலைத் தூக்குவார்கள். காது போனவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. பெல்ட்காரர் ஒருமுறைகூடத் தவறியதில்லை. அவன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டோம் என்று வெளியே வந்து சிரிப்பார்கள்.

மனைவி தானாகவே சுவிட்சை அணைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"கேட்டும் இப்படித்தான் கத்திச்சு."

அவர் நிமிர்ந்தார்.

"விழுறதுக்கு ஒரு மாசம் முன்னாடியிருந்தே. திறக்குறப்ப ஒரு தடவ, சாத்துறப்ப ஒரு தடவ. நீங்க தினம் அதத் திறந்து சாத்துறவர்தானே, உங்களுக்குக் கேக்குதுன்னுதான் நினைச்சேன். சொன்னா, 'என் வேலையில மூக்க நுழைக்காத'ன்னு எரிஞ்சு விழுவீங்க. அதான் சும்மா இருந்துட்டேன்." அவள் முந்தானையை உருவி முகத்தைத் துடைத்தாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்ங்க. வாத்தியார் கத்துறப்பல்லாம் அதேதான் நினைப்பு."

"சொல்லியிருந்தா எரிஞ்சு விழுந்திருப்பேன்தான்," என்றார் அவர்.

"ஆமா."

"அப்ப உன் மேல தப்பில்ல."

இருவரும் அந்த மெஷினுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

பேரிங்கை மாற்றுவது அரை மணி நேர வேலை. அவருக்கு அது தெரியாதா? ஆனால் இன்றைக்கு இந்தப் பேரிங் என்றால் நாளைக்கு வேறொன்று கத்தும். கத்துவது அவருக்குத் தெரியாது, மேலே நிற்பதற்குத்தான் தெரியும். பேரிங் புதிதானாலும் ஐந்து நாள் பட்ட பயம் அந்த இடத்தை விட்டுப் போகாது. நாள் வேறு போய்க்கொண்டிருக்கிறது. அவர் மனைவியின் போனை வாங்கி மகளைக் கூப்பிட்டார்.

"அந்தப் பெட்டிய அனுப்பச் சொல்லு."

"அப்பா? நிஜமாவா?"

"கேள்வி கேக்காத. பெல்ட் நீளம் எவ்வளவுன்னு பார்த்து வாங்கு. சின்ன நாய்க்குள்ளத உன் தலையில கட்டிடுவான். நம்மாளு எட்டி எட்டி அடி வைக்கிறவன். ஆறடிக்குக் குறைஞ்சா வேணாம்."

மூன்றாம் நாள் பெட்டி வந்தது. கூடத்தில் ஜன்னல் பக்கம் போட்டார்கள். போல்ட் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக முடுக்கிப் பார்த்தார். ஒன்று லூசாக இருந்தது. "பார்த்தியா," என்றார். அந்த ஒன்றில் அவருக்குக் கிடைத்த திருப்தியை மனைவி கெடுக்கவில்லை. மணல் மூட்டையை ஏற்றி ஓட்டினார். பிறகு அவளைக் கூப்பிட்டு நாலு மூலையிலும் நிற்க வைத்தார்.

"சத்தம் இருக்கா?"

"காத்து வர்ற மாதிரி."

"காத்து மாதிரின்னா எப்படி? சரியாச் சொல்லு."

"பயப்பட ஒண்ணுமில்ல. பழைய ஃபேன் இதவிட மோசம்."

"குனிஞ்சு கேளு. அந்த ஓரத்துல."

அவள் முட்டி போட்டுக் குனிந்து கேட்டாள். "ஒண்ணுமில்லங்க."

அவர் அவளை நம்பினார். வேறு வழியில்லாமல்தான் நம்பினார். அதற்கும் நம்பிக்கை என்றுதான் பெயர்.

டாக்டர் சொன்னபடி வயிற்றுக்குக் கீழே ஒரு துண்டைக் கொடுத்து இடுப்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மனைவி முன்னால் பிஸ்கட்டோடு உட்கார்ந்தாள். பெல்ட்காரர் பின்னால், நாயின் கண்ணில் படாத இடத்தில், துண்டின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கே நிற்பது அவராகத் தேர்ந்தெடுத்த இடம். சுவிட்ச் போட்டதும் வாத்தியாரின் காது ஒரு தரம் மடிந்தது. பிறகு நிமிர்ந்தது. முன்னங்கால் நகர்ந்தது. உடைந்த கால் அந்தரத்தில் தொங்கிக்கொண்டே வந்தது. பாதி உடம்பின் கனம் அவர் கையில் இருந்தது.

முதல் நாள் இரண்டு நிமிடம். அப்புறம் மூன்று. நான்காம் நாள் அந்தக் கால் நகம் மட்டும் பெல்ட்டைத் தொட்டது. மனைவி முன்னாலிருந்து பார்த்துச் சொன்னாள். அவருக்கு முதுகுதான் தெரிந்தது, வாலும் கொஞ்சம். தோள்பட்டை விட்டுப் போகிற மாதிரி வலித்தது. வலியை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அது அவர் பட வேண்டியது என்று வைத்துக்கொண்டார்.

பதினொன்றாம் நாள், ஐந்து நிமிடம் தாண்டியிருக்கும். கை லேசானது. துண்டு நழுவிவிட்டது என்று பயந்து இறுக்கிப் பிடித்தார். நழுவவில்லை. நாயின் வயிற்றுக்கும் துண்டுக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி இருந்தது. நாலு காலும் ஒன்றன்பின் ஒன்றாக, சீராகப் போய்க்கொண்டிருந்தன.

"ஏங்க, பிடிச்சிருக்கீங்களா?" என்றாள் முன்னால் இருந்தவள்.

"துணியத்தான் பிடிச்சிருக்கேன்," என்றார் பெல்ட்காரர்.