அவிட்டமினோசிஸ் மாமா

எங்கள் மாமா, அதாவது அக்காவின் கணவர், கோட்டு சூட்டு தைக்கும் கடை ஒன்றில் கட்டிங் மாஸ்டர். கடைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறையில், டியூப்லைட் வெளிச்சத்தில் அவருடைய ராஜ்யம். மேசையை விட்டு நகர்ந்தால் யாராவது கத்தரியைத் தொட்டுவிடுவார்கள் என்று மதியச் சாப்பாட்டையே துறந்தவர். டீயும் பன்னும்தான், வருஷக்கணக்காக.

அந்தக் கடையில் அந்தஸ்தை அளப்பது வியாதியை வைத்துத்தான். முதலாளிக்குச் சர்க்கரை. மேனேஜருக்கு பிரஷர். கேஷியருக்குக்கூட ஏதோ தைராய்டு. டீ நேரத்தில் அவரவர் மாத்திரை அட்டையை எடுத்து, பதவிச் சின்னம் மாதிரி மேசைமேல் வைப்பார்கள். மாமாவிடம் வைக்க ஒன்றுமில்லை.

விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் டாக்டரம்மாவிடம் போனபோதுதான் அவருக்கு விடிவு பிறந்தது. மறுநாள் டீ நேரத்தில் அட்டையை வைத்தார்.

"எனக்கு அவிட்டமினோசிஸ்."

மேனேஜர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்படின்னா?"

"சாதாரண ஆளுக்கெல்லாம் வராது சார்."

அன்றிலிருந்து மாமா நடையே மாறிவிட்டது. மாத்திரையை மட்டும் விழுங்கவில்லை. குணமாகிவிட்டால் மறுபடி பழைய ஆள்தானே!

அக்கா எனக்குப் போன் செய்தாள். "டேய், உங்க மாமா மாத்திரையைக் கண்காட்சிக்கு வச்சிருக்காரு. முட்டையை வச்சா தள்ளி விடுறாரு. காலையில சட்டை பட்டன் நான்தான் போட்டுவிட்டேன். அந்தக் கை போச்சுன்னா மேசையும் போச்சுடா."

மறுபடியும் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனேன்.

"அந்தப் பேரைக் கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க டாக்டர். நாலு பேர் கேக்குறாங்க" என்றார் மாமா, காலைப் பரப்பி உட்கார்ந்து.

"முன்னால இருக்கிற 'அ'வுக்கு கிரேக்கத்துல இல்லைன்னு அர்த்தம். கடைசில வர்ற 'ஓசிஸ்', உடம்போட நிலைமை. நடுவுல விட்டமின். மொத்தத்துல, விட்டமின் இல்லாத நிலைமை."

மாமாவின் கால்கள் மெல்லக் கூடின. "அவ்வளவுதானா?"

"ஒழுங்கா சாப்பிடலைன்னு அர்த்தம் மாமா" என்று நான் எடுத்துக்கொடுத்தேன்.

"நீ சும்மா இரு மாப்ள. விட்டமின்னா என்ன டாக்டர்?"

"லத்தீன்ல 'விட்டா'ன்னா உயிர். 'அமீன்' ஒரு ரசாயன வகை. இதெல்லாமே அமீன்தான்னு நெனச்சு ஒருத்தர் ரெண்டையும் சேர்த்துப் பேர் வச்சாரு. அப்புறம் பார்த்தா பாதிக்கு மேல அமீனே இல்ல. ஆனா பேர் பரவிடுச்சு. இங்கிலீஷ்ல கடைசியா இருந்த 'e' எழுத்தை மட்டும் வெட்டிட்டு அப்படியே விட்டுட்டாங்க."

மாமா நிமிர்ந்தார். தொழில்காரர் விழித்துக்கொண்டார். "அளவைத் தப்பா எடுத்துட்டு, நுனியை நறுக்கிச் சமாளிச்சிருக்காங்களா? என் மேசைல முப்பது வருஷமா அப்படி ஒரு வெட்டு விழுந்ததில்ல டாக்டர்!"

"இப்பவும் விழலையே?" என்றார் டாக்டரம்மா, சாதாரணமாக.

மாமா எழுந்து செருப்பைத் தேடினார். போன வாரம் ஒரு கோட்டின் கை குட்டையாகிப்போனதையும், அந்தத் துணியைச் சுருட்டி மேசைக்கடியில் ஒளித்துவைத்ததையும் வீடு திரும்பும் பஸ்ஸில்தான் சொன்னார். சொல்லிவிட்டு, தண்ணீர் கேட்டு வாங்கி மாத்திரையை விழுங்கினார்.

மறுநாளே குட்டைக் கையை முதலாளியிடம் காட்டினார். விரல் சரியாகும்வரை வெட்டு வேலை உதவியாளருக்குப் போனது. மாமா சாக்பீஸ் கோடு மட்டும் போட்டார். மதியம் முட்டை, மீன், பால் என்று அக்கா கட்டிக்கொடுத்ததை எல்லார் முன்னாலும் உட்கார்ந்து சாப்பிட்டார். மேனேஜர் வியாதியைப் பற்றி விசாரித்தபோது, "பசி சார், வேறொண்ணுமில்ல" என்றார்.

சில மாதங்கள் கழித்து, நான் கடைக்குப் போயிருந்த அன்று, விலை உயர்ந்த கம்பளித் துணி ஒன்று வந்தது. தவறினால் மாற்றுத் துணி கிடையாது. உதவியாளர் பின்வாங்கினார். மாமா கண்ணை மூடிக்கொண்டு துணியின் ஓரத்தை விரல் நுனியால் தடவினார். "இழை தெரியுது" என்றார். கத்தரி ஒரே ஓட்டமாக ஓடியது. முதலாளி கோட்டுக் கைக்கான இரண்டு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். ஒரு நூல் வித்தியாசம் இல்லை. ஒன்றும் சொல்லாமல் அடுத்த துணியை மாமா முன்னால் விரித்துவிட்டுப் போனார்.

யாருடைய தற்பெருமையைக் கண்டாலும் குத்தி உடைக்க ஊசியோடு போகிறவன் நான். அன்றைக்கு அக்காவிடம் போனில் இதை அரை மணி நேரம் அளந்தேன். அவள் ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்து வீட்டுக்காரிக்கும் கேட்கவைத்தாள்.