மஞ்சள் தடவிய நுரையீரல்

ஸ்லைடு முழுக்கப் பச்சையாக ஜொலித்தது. நரம்பு, செல், சதை, எதையும் விடவில்லை.

"பிரமாதம்மா ஜெயப்பிரியா! மதுரைக் கருத்தரங்குக்கு இதையே அனுப்பிருவோம்" என்றார் என் வழிகாட்டி சங்கரபாண்டியன் சார்.

நான் தேடியது சி.ஜி.ஆர்.பி. என்ற பொடிப் பெப்டைடு, ஒரு புரதத் துணுக்கு. ஆட்டு நுரையீரலில் எந்த நரம்பில், எந்தச் செல்லில் அது உட்கார்ந்திருக்கிறது என்று காட்டினால் என் ப்ராஜெக்ட் முடிந்தது. அதை மட்டும் தேடி ஒட்டிக்கொள்கிற ஆன்டிபாடியை ஊற்றி, மேலே பச்சைச் சாயம் விட்டால், அது இருக்கிற இடம் மட்டும் மின்னும். அப்படித்தான் பாடம். இங்கே எல்லா இடமும் மின்னியது.

சந்தேகத்தில், அதே நுரையீரலின் சீவல் மட்டும் வைத்த, ஆன்டிபாடியும் சாயமும் படாத வெறும் ஸ்லைடை வைத்துப் பார்த்தேன். இருட்டாக இருக்க வேண்டியது. அதுவும் பச்சை.

"அத யாரும்மா கேக்கப் போறா?" என்றார் சார்.

"கேட்டா சார்?"

"ஆன்டிபாடி எவ்வளவு இருக்கு?"

"ஒரு தடவைக்குத்தான்."

"அதுவும் போச்சுன்னா கருத்தரங்கு இல்ல, பாத்துக்க."

நுரையீரல் கொண்டுவந்த ஐஸ் பெட்டியைத் திறந்தேன். அடியில் தேங்கிய தண்ணீர் மஞ்சளாக இருந்தது. உடனே வண்டியை எடுத்துக்கொண்டு இசக்கிபாண்டியின் கறிக்கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, நுரையீரல்ல மஞ்சத்தூள் போட்டீங்களா?"

"பொறவு? வெயில்ல கொண்டு போறேன்னியே, கெட்டுரக் கூடாதுன்னு நல்லாத் தேய்ச்சுல்லா குடுத்தேன். ஏன், கொழம்பு கசக்குதோ?"

"கொழம்பு இல்ல அண்ணாச்சி, ஆராய்ச்சி. எங்க மைக்ராஸ்கோப்புல மஞ்சளே பச்சையா மின்னுது."

"அப்ப எங்க வீட்டுக்காரி மூஞ்சிய வச்சுப் பாரு. கண்ணு கூசிரும்."

உள்ளே குடல் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி வெயிலம்மாள் நிமிர்ந்தாள். "ஒம்ம மூஞ்சி எதுல வச்சாலும் தெரியாதுவே."

மறுநாள் விடிந்ததும் அங்கேயே நின்று, ஆட்டின் நெஞ்சிலிருந்து எடுத்த சூட்டோடு வாங்கி ஐஸில் வைத்தேன். "மஞ்சளில்லாமக் குடுக்க மனசே வரல தாயி" என்றார் அண்ணாச்சி.

மிச்ச ஆன்டிபாடி முழுவதையும் ஊற்றினேன். மைக்ராஸ்கோப்பில் ஒரே இருட்டு. ஸ்லைடை மெல்ல நகர்த்தினேன். இருட்டு. மூச்சுக்குழாய்ச் சுவர் வந்தபோது மெல்லிய பச்சை இழை ஒன்று ஓடியது. அதன் பக்கத்தில் ஒற்றைச் செல். வெறும் ஸ்லைடில் ஒன்றுமே இல்லை.

சார் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் சார்."

"மொதல்ல பார்த்தது எவ்வளவு அழகா இருந்துச்சு."

அந்தப் பச்சை ஸ்லைடை எடுத்திருந்த படத்தை ஏற்கெனவே அழித்திருந்தேன். இழை நகர்ந்துவிடாமல் ஸ்லைடைப் பிடித்துக்கொண்டு கேமராவை அமுக்கினேன்.

"இதையே அனுப்பு" என்றார்.